பக்கத்தின் உயரம்

மெய்ப்புத் திருத்துவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரியில் கைவைக்கும் முன் அதற்கு மேலே பத்து வரியும் கீழே பத்து வரியும் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடை எங்கே தளர்கிறது, ஒரே சொல் எங்கே மறுமுறை வருகிறது என்பதெல்லாம் அந்தச் சுற்றுப்புறத்தில்தான் புலப்படும். எங்கள் குழுவில் அத்தகைய பணி செய்யும் நண்பர் ஒருவர் 2011-இல் தம் பழைய மடிக்கணினியை மாற்றினார். புதியது வேகமானது, எடை குறைந்தது. திரையும் அதே 14 அங்குலம்தான். ஆயினும் ஒரு வாரத்திற்குள் அவர் முகம் வாடிவிட்டது. "பக்கத்தில் கால்வாசியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்" என்றார். எண்ணிப் பார்த்தோம். பழைய திரையில் மேலிருந்து கீழாக 1050 புள்ளி வரிசைகள், புதியதில் 768. அவர் சொன்ன கணக்கு ஏறத்தாழச் சரி.

வெட்டியவர் யார், வெட்டியதற்குக் காரணம் என்ன என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. அலுவலகப் பணிக்கென உயர்ந்த விலையில் செய்யப்பட்ட மடிக்கணினிகளில் திங்க்பேட் வரிசையை மையமாக எடுத்துக்கொள்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் கரிய பெட்டித் தோற்றம் பெரிதும் மாறவில்லை. ஆகவே உள்ளே மாறியவை எவை என்பது தெளிவாகத் தெரிகிறது.

முதலில் வடிவம். நீளம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற 4:3 சட்டகம் படிப்பதற்காகப் பிறந்ததன்று. 1890-களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிக்சன் 35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டத்திற்கு நான்கு துளைகள் என வகுத்தபோது அமைந்த வடிவம் அது. ஊமைப் படங்களிலிருந்து தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சிக் குழாயிலிருந்து கணினித் திரைக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் பின் வந்த 16:9 வடிவமும் கேளிக்கை உலகின் பிள்ளையே. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்திலிருந்த பல்வேறு திரைப்பட, தொலைக்காட்சி வடிவங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவை அனைத்தையும் அடக்கும் வெளிச்சட்டம் கிட்டத்தட்ட 16:9 ஆக இருந்தது. உயர்தரத் தொலைக்காட்சிக்கு அதுவே உலகத் தரமாயிற்று.

காகிதப் பக்கத்தை மனத்தில் வைத்துத் திரையைச் செய்த முயற்சியும் ஒன்று இருந்தது. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவான ஆல்டோ கணினியின் திரை 606 புள்ளி அகலமும் 808 புள்ளி உயரமும் கொண்டு, நிமிர்த்தி வைத்த தாள்போல் நின்றது. அது விற்பனைப் பொருளாக வரவில்லை; அதன் பல கருத்துகள் பின்வந்த கணினிகளில் பரவின, அந்த நிமிர்ந்த வடிவம் மட்டும் பரவவில்லை.

மடிக்கணினியில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மேசைக் கணினியில் திரை வேறு, விசைப்பலகை வேறு. மடிக்கணினியிலோ ஒன்று மற்றொன்றுக்கு மூடி. திரையின் அகலமே விசைப்பலகைக்குக் கிடைக்கும் அகலம். திரையின் உயரமே விசை வரிசைகளுக்கும் உள்ளங்கை தாங்கும் இடத்திற்கும் கிடைக்கும் ஆழம். தட்டச்சுப் பொறியின் காலத்திலிருந்தே ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை சுமார் 19 மி.மீ. என்பது விரல்களுக்குப் பழகிய அளவு. விரல் சிறுக்காது. ஆகவே பெட்டி சிறுக்கும்போது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

1992 அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனம் திங்க்பேட் 700சி என்ற கணினியை வெளியிட்டது. விலை 4,350 டாலர். பெயரே ஒரு குறிப்பேட்டிலிருந்து வந்தது: 'சிந்தி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் பொறித்த தோலுறைக் குறிப்பேட்டை அந்நிறுவன ஊழியர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பது வழக்கம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர், ஜப்பானிய உணவுப் பெட்டியின் எளிமையை மனத்தில் கொண்டு அதன் புறத்தோற்றத்தை அமைத்தார். ஜப்பானின் யமாட்டோ ஆய்வுக்கூடத்தில் அரிமாசா நைட்டோவின் குழு அதைப் பொறியாக்கியது. 10.4 அங்குல வண்ணத் திரை. 640-க்கு 480 புள்ளிகள். விசைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழ். கையை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கு நகர்த்த முக்கால் விநாடி அளவில் வீணாகிறது என்ற கணக்கிலிருந்து டெட் செல்க்கர் கண்டடைந்த தீர்வு அது. எழுதுகிறவரின் கை எழுத்தை விட்டு அகலக் கூடாது என்பதே அந்தச் சிறு குமிழின் கொள்கை.

மூன்றாண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1995-இல் வந்த 701சி மூடியிருக்கும்போது 9.7 அங்குல அகலம். திறந்தால் விசைப்பலகை 11.5 அங்குலம்! ஜான் காரிடிஸ் என்ற பொறியாளர் விசைப்பலகையை முக்கோணச் சாயலுள்ள இரு துண்டுகளாகப் பிரித்திருந்தார். மூடியைத் தூக்கும்போது ஒன்று பக்கவாட்டிலும் மற்றொன்று முன்னோக்கியும் நகர்ந்து, பெட்டியின் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் பொருந்தின. 'வண்ணத்துப்பூச்சி' என்று அதற்குப் பெயர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இடம்பெற்றது. ஆனால் கடையில் அதன் ஆயுள் குறைவு. 12.1 அங்குலத் திரைகள் வந்துவிட்டன. பெட்டியே அகலமானபின் சிறகுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. சிறிய திரைக்கு விடையாக வந்த விசைப்பலகை, பெரிய திரை வந்ததும் கேள்வியின்றி நின்றது.

அடுத்த பத்தாண்டுகள் 4:3 வடிவத்தின் செழிப்புக் காலம். 1024-க்கு 768, பின்னர் 1400-க்கு 1050, 2002 வாக்கில் 15 அங்குலத் திரையில் 1600-க்கு 1200 எனப் புள்ளிகள் பெருகின. பெருகியதில் ஒரு சங்கடமும் இருந்தது. அக்காலத்து விண்டோஸ், திரை எவ்வளவு நுணுக்கமானதாயினும் பத்துப் பாயின்ட் எழுத்துக்கு இயல்பாக 13 புள்ளி உயரமே ஒதுக்கியது. அங்குலத்திற்கு 77 புள்ளி கொண்ட 700சி திரையில் அந்த 13 புள்ளிகள் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வரும்; 133 புள்ளி கொண்ட திரையில் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கண் வலித்தவர்கள் புள்ளி குறைந்த திரையையே கேட்டு வாங்கினர்.

தமிழ் வாசகருக்கு இதன் கசப்பு கூடுதல். நம் எழுத்துகள் சுழிகளால் ஆனவை. 13 புள்ளிக்குள் 'ஞூ'வும் 'ணை'யும் படும் பாட்டை அக்காலத்தில் தமிழ் இணையத்தைப் படித்தவர்கள் அறிவர். சுழிக்குள் இருக்கவேண்டிய வெளி அடைபட்டு, புள்ளி வைத்த எழுத்தா, வைக்காததா என்று முன்பின் சொற்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. திரையின் நுணுக்கம் என்பது நமக்கு ஆடம்பரமன்று, எழுத்து எழுத்தாகத் தெரிவதற்கான அடிப்படை. எழுத்தைச் சுருக்காமல் அதே அளவிற்குள் கூடுதல் புள்ளிகளைச் செலுத்தும் வழி, 2012-இல் ஆப்பிள் 15.4 அங்குலத் திரையில் 2880-க்கு 1800 புள்ளிகளைத் தந்து, முந்தைய 1440-க்கு 900 என்ற அளவை இரு திசையிலும் சரியாக இரட்டித்தபோதுதான் மடிக்கணினியில் பரவலாகத் தெரிய வந்தது.

அதற்குள் வடிவம் மாறிவிட்டிருந்தது. ஐ.பி.எம்.மின் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கியது 2005 மே மாதத்தில். அதே ஆண்டில் இசட்60 என்ற முதல் அகலத் திரைத் திங்க்பேட் வந்தது. 2007-இன் டி61 பழைய 4:3 வடிவிலும் புதிய 16:10 வடிவிலும் கிடைத்தது. 2008-இன் டி400-இல் பழையது இல்லை. 2010-இன் டி410 வரை 16:10. 2011-இன் டி420-இல் 16:9. மூன்று வடிவங்களும் ஆறாண்டுக்குள்.

இவை மூன்றையும் 14 அங்குலத் திரையாகவே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். அங்குல எண் என்பது மூலைக்கு மூலை அளந்த கோடு. 4:3 என்றால் உயரம் 8.4 அங்குலம், பரப்பு 94 சதுர அங்குலம். 16:10 என்றால் உயரம் 7.4, பரப்பு 88. 16:9 என்றால் உயரம் 6.9, பரப்பு 84. விளம்பரத்தில் '14' என்ற எண் மாறவே இல்லை. கண்ணாடி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. திரைகள் பெரிய தாய்க் கண்ணாடியிலிருந்து வெட்டப்படுபவை. தையற்காரர் ஒரே துணியில் எத்தனை சட்டை என்று கணக்கிடுவதுபோல், ஆலைகள் சேதாரமின்றி எத்தனை துண்டு என்று கணக்கிடுகின்றன. தொலைக்காட்சிகள் 16:9-க்கு மாறியபின் அவ்வடிவமே மலிவாயிற்று. நம் நண்பரின் பக்கத்தை வெட்டிய கத்தி இதுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறிய கணினிகளில் அகலத் திரை நன்மையும் செய்தது. 2008-இன் எக்ஸ்200, 12.1 அங்குலமே ஆயினும் அகலப் பெட்டியின் தயவில் முழு அளவு விசைப்பலகையைப் பெற்றது. இழந்தது ஆழம். அந்த இழப்பு சில ஆண்டுகளில் விசைப்பலகையின் மேல்வரிசையில் வந்து விழுந்தது.

பழைய திங்க்பேட் விசைப்பலகையில் ஏழு வரிசைகள். வலது மேல்மூலையில் ஆறு விசைகள் மேசைக் கணினியில் உள்ளபடியே கொத்தாக இருக்கும்: வரியின் தொடக்கம், முடிவு, முந்தைய பக்கம், அடுத்த பக்கம், செருகு, அழி. திருத்துகிறவரின் வலக்கை கண் பாராமல் அங்கே போகும். 2009-இல் டி400எஸ் கணினிக்காக எந்த விசை எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று ஆராய்ந்து, விடுபடு விசையையும் அழி விசையையும் இரட்டை அளவாக்கினார்கள். எழுதுகிறவர்மேல் அவ்வளவு அக்கறை! 2012-இல் ஏழு வரிசை ஆறாயிற்று. கொத்து கலைந்து விசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. 2013-இல் குமிழுக்குரிய பொத்தான்கள் போயின. 2014-இன் எக்ஸ்1 கார்பன் மேல்வரிசை விசைகளையே எடுத்துவிட்டு ஒரு தொடுபட்டையை வைத்தது.

பயனர்கள் ஓய்ந்திருக்கவில்லை. 2015-இல் பொத்தான்களும் மேல்வரிசையும் திரும்பின. அவ்வாண்டே ஆப்பிள் 'வண்ணத்துப்பூச்சி' என்ற அதே பெயரில் ஒரு விசை நுட்பத்தை வெளியிட்டது வரலாற்றின் நகைச்சுவை. 1995-இன் வண்ணத்துப்பூச்சி சிறு பெட்டிக்குள் முழு விசைப்பலகையைத் தர விரிந்தது. 2015-இனது பெட்டியை மெலிதாக்க விசையின் அழுத்த ஆழத்தை அரை மில்லிமீட்டர் அளவிற்குக் குறைத்தது. தூசு புகுந்து விசைகள் சிக்கின. 2018-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் வந்தது. 2020-இல் அந்த நுட்பம் கைவிடப்பட்டது. 2022-இல் அமெரிக்க வழக்கொன்றை முடிக்க ஆப்பிள் ஐந்து கோடி டாலர் தர இசைந்தது.

2017-இல் திங்க்பேட்டின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. ஏழு வரிசையும் ஆறு விசைக் கொத்தும் மீண்டன. ஆனால் திரை 16:9! இந்த முரண்தான் நமக்கு எல்லாவற்றையும் விளக்கியது. விசைப்பலகையைக் கணினி செய்பவர் விரும்பினால் சிறு எண்ணிக்கையிலும் செய்விக்கலாம். திரைக்கோ ஆலை வேண்டும். ஆலை ஓட இலட்சக்கணக்கில் வாங்குவோர் வேண்டும். கேட்பவர் சிலர் எனில் விசை திரும்பும், கண்ணாடி திரும்பாது.

கண்ணாடி திரும்பவும் ஒரு நாள் வந்தது. 2013-இல் கூகுளின் குரோம்புக் பிக்ஸல், 2014-இல் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோ 3 ஆகியவை 3:2 வடிவில் உயரம் கூடிய திரைகளைக் கொணர்ந்தன. ஆப்பிளின் விலையுயர்ந்த வரிசை 16:10-ஐ விடவேயில்லை. 2020-இல் டெல்லின் எக்ஸ்பிஎஸ் 13, 2021-இல் எக்ஸ்1 கார்பன் என ஒவ்வொன்றாக 16:10-க்கு மீண்டன. 6.9 அங்குலம் மறுபடி 7.4 ஆயிற்று. கூடுதலாகக் கிடைத்த ஆழத்தில் ஏழாம் வரிசை வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். விரலால் தடவும் பலகைதான் பெரிதாயிற்று.

ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கும் பக்கத்தின் வடிவத்தை மரமே தீர்மானித்தது. அகலம் மிகுந்து உயரம் குறுகிய ஏட்டில் எழுதப் பழகினார்கள். இடம் மிச்சப்பட எழுத்துகளைச் சொற்பிரிப்பின்றி நெருக்கினார்கள். நம் ஏட்டின் வடிவத்தைத் தொலைக்காட்சி ஆலைகளின் கத்தி தீர்மானித்தது. ஆனால் பனைமரத்திடம் முறையிட வழியில்லை. ஆலைகள் பிந்தியேனும் செவிசாய்த்தன.

நண்பரிடம் இப்போது 16:10 கணினி ஒன்று இருக்கிறது. திருத்தும் வரிக்கு மேலே பத்தும் கீழே பத்தும் தெரிகின்றனவாம். 'ஞூ'வின் சுழி தெளிவாக இருக்கிறதாம். வலக்கை மட்டும் இன்னும் சில வேளை மேல்மூலைக்குப் போய், அங்கே இல்லாத ஒரு விசையைத் தேடித் திரும்புகிறது என்கிறார்.