மீந்துபோன பிரதி

புத்தகத்தை மூடிக் கீழ்விளிம்பைப் பார்த்தால் கறுப்பு மையில் ஒரு கோடு தெரியும். இனி இந்தப் பிரதியைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிக் காசு கேட்க முடியாது என்பதற்காகக் கிடங்கில் இழுத்துவிட்ட அடையாளம் அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆங்கிலக் கதைப்புத்தகம் சேர்ப்பவர்கள் வீட்டில் இப்படிக் கோடு போட்ட பிரதிகளைப் பார்க்கலாம். என்னிடமும் ஒன்று உண்டு: கொர்னேலியா ஃபுங்கேயின் 'இங்க்ஹார்ட்'. அது வந்த வழி, அதற்குள் இருக்கும் கதைக்குச் சற்றும் குறைந்ததில்லை.

நாவல் 2003இல் ஜெர்மன் மொழியில் வெளியானது. ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகளை ஆங்கிலமாக்கிய ஆந்தியா பெல் அதே ஆண்டில் இதையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கதைநாயகி மெகி, பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் அப்பா மோ பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் செய்பவர். அவர் வாய்விட்டுப் படித்தால் கதைமாந்தர்கள் ஏட்டிலிருந்து எழுந்து வந்துவிடுவார்கள். பதிலுக்கு இங்கிருந்து யாராவது உள்ளே போய்விடுவார்கள். மெகியின் அம்மா காணாமல்போனது அப்படித்தான். வெளியே வந்த கொடியவன் கேப்ரிகார்ன், தன்னைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வழி இருக்கக் கூடாதென்று தான் எழுந்து வந்த புத்தகத்தின் பிரதிகளைத் தேடித்தேடி எரிக்கிறான். எங்காவது ஒரு பிரதி மிஞ்சியிருக்குமா என்று நம்மைப் பதறவைக்கிற மாயக்கதை இது. மகளின் புத்தகங்களுக்காக அப்பா செய்து கொடுத்த சிவப்புப் பெட்டியையும், அம்மாவின் அத்தை எலினோர் வீடு முழுக்க அடுக்கி வைத்திருக்கும் நூலகத்தையும் பற்றிப் படிக்கும்போது, புத்தகப் பித்துப் பிடித்தவருக்குச் சொந்தக்காரரைச் சந்தித்தது போலிருக்கும்.

நமக்கு இது புதிய கற்பனையில்லை. குணாட்டியர் என்ற புலவர் காட்டில் உட்கார்ந்து ஏழு லட்சம் செய்யுளைத் தம் குருதியால் எழுதினார், அரசன் மதிக்கவில்லை. ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்குப் படித்துக்காட்டிவிட்டுத் தீயில் இட்டார். மேய்ச்சலை மறந்து அவை கண்ணீர் விட்டன. ஒரு லட்சம் மட்டுமே தப்பியது என்கிறது கதாசரித்சாகரம். அந்த மரபில் தமிழில் பிறந்த கொங்குவேளிரின் பெருங்கதையை உ.வே.சாமிநாதையர் 1924இல் அச்சேற்றியபோது, கிடைத்த சுவடியில் முதலும் இல்லை, முடிவும் இல்லை.

என் பிரதியும் அழிவை ஒட்டித்தான் வந்தது. தீக்குப் பதில் கூழ்த்தொட்டி. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், கடைக்காரர் துணிந்து வாங்கட்டும் என்று, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்கப் பதிப்பகங்கள் கொண்டுவந்தன. அந்த வழக்கம் இன்றும் போகவில்லை. தைரியமாக அதிகம் அச்சடிப்பார்கள். அதிகமாகவே திரும்பியும் வரும். கிடங்கு நிரம்பியதும் இரண்டு வழிதான்: கூழாக்குவது, அல்லது கோடு இழுத்து மொத்த வியாபாரிக்கு வந்த விலைக்குத் தள்ளுவது. இரண்டாவதில் புத்தகம் பிழைக்கும். ஆனால் எழுத்தாளர் கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது.

அப்படித் தள்ளிய சரக்கைக் கொள்கலன்களில் மலேசியாவுக்கு வரவழைத்தவர்கள், புக்எக்ஸஸ் கடையை நடத்திய ஆண்ட்ரூ யாப், ஜாக்குலின் இங் இருவரும். 'பிக் பேட் உல்ஃப்' என்ற பெயரில் அவர்களுடைய மலிவு விற்பனை 2009இல் தொடங்கியது. கூட்டம் பெருகியதும், ஸ்ரீ கெம்பாங்கானில் மைன்ஸ் ஏரியோரம் இருக்கும் பொருட்காட்சி மண்டபம் பல ஆண்டுகள் அதற்கு வீடானது. அந்த ஏரியே பழைய ஈயச் சுரங்கம். திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியது. ஈயத்தை ஏற்றுமதி செய்த மண்ணில், அடுத்த நூற்றாண்டில் அயல்நாடுகள் வேண்டாமென்ற கதைகள் வந்து இறங்கின.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அந்த மண்டபம் இரவு பகல் மூடாமல் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி செர்டாங்கில் இறங்கினார்கள். கிள்ளான்காரர்கள் குடும்பத்தோடு காரில் வந்து, நிறுத்த இடம் தேடியே களைத்தார்கள். நடுச்சாமத்தில் பயணப்பெட்டியை உருட்டிக்கொண்டு புத்தகம் பொறுக்கும் கூட்டத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அப்போது கடையில் 40 வெள்ளியைத் தொட்ட நாவல் அங்கே 8, 10 வெள்ளிக்குக் கிடைத்தது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் தமக்கென்று ஓர் அலமாரி வைத்துக்கொண்டது அந்த மேசைகளால்தான். ஒரே குறை, மீந்த சரக்கில் வரிசையை எதிர்பார்க்க முடியாது. ஃபுங்கேயின் 'இங்க்ஹார்ட்' தொடரில் ஒரு பாகம் குவிந்து கிடக்கும், இன்னொன்று கண்ணில் படாது. விட்டுப்போன பாகத்துக்காகவே மறு ஆண்டும் போவோம். 2016இல் இந்த விற்பனை இந்தோனேசியாவுக்குப் போனது. பிறகு இலங்கை உட்பட வேறு நாடுகளுக்கும்.

அந்த மேசைகளில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் நூல் என் கையில் அகப்பட்டதில்லை. இதை ஓரவஞ்சனை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீந்துபோக வேண்டுமென்றால் முதலில் மிகுதியாக அச்சடித்திருக்க வேண்டும். இங்கே ஒரு தமிழ் நூல் சில நூறு பிரதி வந்தாலே பெரிது. வெளியீட்டு விழாவில் முதல் நூல் பெறுபவர் உறையில் வைத்துத் தரும் பணத்தில் அச்சுக்கூலி தேறும். மிச்சக்கட்டு எழுத்தாளரின் கட்டிலடிக்குப் போகும். அதற்குக் கோடு இழுக்கக் கிடங்கும் இல்லை, ஏற்றிப்போகக் கொள்கலனும் இல்லை. இருபது ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்கு முதலும் முடிவும் இல்லாத ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

ஃபுங்கேயின் கதையை எத்தனை பேர் தூக்கி எறிந்தாலும் உலகில் எங்காவது ஒரு பிரதி இருக்கும். எண்ணிக்கையே அதற்குக் காவல். நம் நூல்களுக்கு அந்தக் காவல் இல்லாததால், வாங்குகிறவர்தான் காவல். விழாவில் பொன்னாடையோடு கையில் வந்த நூலை மறுநாளாவது பிரித்துப் படியுங்கள். படித்தபின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கோ கொடுங்கள். எட்டு வெள்ளிக்கு ஜெர்மானியக் கதை வாங்க நடுச்சாமத்தில் வரிசை பிடித்த நமக்கு, இருபது வெள்ளிக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் பெரிய செலவில்லை.