பட்டறையும் கணக்கு வகுப்பும்: இரண்டு விருப்பப்பாடங்களின் முன்கதை

அமெரிக்காவில் மிடில் ஸ்கூல் என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. அங்கே பிள்ளைகளிடம் விருப்பப்பாடப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். பல பள்ளிகளில் அதில் இஞ்சினியரிங் ஒரு வரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்னொரு வரி. நம்மவர் வீடுகளில் இது உடனே பஞ்சாயத்தாகிவிடுகிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் எதிர்காலமே அந்த ஒரு டிக்கில் இருக்கிற மாதிரி. சரி, இவை ஏன் இரண்டு வரிகளாக இருக்கின்றன? தேடியதில் கிடைத்ததைக் குறித்து வைக்கிறேன்.

முதல் வரி பட்டறையிலிருந்து வந்தது. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியின் பயிற்சி முறையை வைத்திருந்தார்கள். விற்பதற்குப் பொருள் செய்யாமல், அறுப்பது, இழைப்பது, பொருத்துவது என ஒவ்வொன்றையும் தனிப் பாடமாகப் பழக்கும் முறை. அதே போக்கில் 1880-இல் செயின்ட் லூயிஸில் கால்வின் உட்வர்டின் கைத்தொழில் பயிற்சிப் பள்ளி திறந்தது. பின்னால் இது எல்லா ஊர்களுக்கும் பரவி 'ஷாப்' வகுப்பானது. பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குச் சமையலும் தையலும். விருப்பம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. 1972-இன் டைட்டில் 9 சட்டமும், 1975-இல் வந்த அதன் விதிகளும்தான் இந்தப் பிரிவினையைத் தடை செய்தன. ஷாப் வாத்தியார்களின் சங்கம் 1985-இல் தன் பெயரில் 'டெக்னாலஜி'யைச் சேர்த்தது, 2010-இல் 'இஞ்சினியரிங்'கையும் சேர்த்தது. பெயர் மாற்றத்திலேயே மொத்தக் கதையும் இருக்கிறது.

இரண்டாவது வரி கணக்கு வகுப்பு வழியாக நுழைந்தது. 1967-இல் வாலஸ் ஃபோயர்சிக், செய்மோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 1968-69 கல்வியாண்டில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில், மஸ்ஸி ஜூனியர் ஹைஸ்கூலின் ஏழாம் வகுப்புக்கு வழக்கமான கணக்குப் பாடத்துக்குப் பதிலாக இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் சுவாரசியம். லோகோவுக்குக் கொஞ்ச நாளில் ஒரு 'ஆமை' வந்தது. கட்டளை எழுதினால் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் குட்டி ரோபோ. மோட்டாரும் சக்கரமும் இஞ்சினியரிங், ஓட்டுவது புரோகிராம். இதை எந்த வகுப்பில் வைப்பீங்க?

1980-களில் எம்.ஐ.டி.யில் லோகோவை லெகோ கட்டைகளோடு சேர்த்தார்கள். அந்த வழியில் 1998-இல் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வந்தது. பெயர் பேப்பர்ட்டின் 1980-ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 2007-இல் ஸ்க்ராட்ச் வந்தது. இரண்டின் பின்னாலும் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு இருந்தது. ஆனால் பள்ளிக்கு வந்ததும் ரோபோ கிட் பெரும்பாலும் இஞ்சினியரிங் அறைக்குப் போனது, ஸ்க்ராட்ச் கம்ப்யூட்டர் அறைக்குப் போனது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை இரண்டு வகுப்பில் உட்கார வைத்த மாதிரி.

ஆக, இந்தச் சுவர் அறிவில் இருப்பதல்ல. எந்த வாத்தியார், எந்த அறை, எந்த இலாகா என்பதில் எழுந்தது. ஏழாம் வகுப்பில் எதை எடுத்தாலும் மற்றது மூடிப்போவதில்லை. பாடத்தின் பெயரை விட, அந்த வகுப்பில் பிள்ளை தானே எதையாவது செய்து, அது ஓடாமல் போய், திருத்தி ஓட்டிப் பார்க்க வாய்ப்பிருக்கிறதா என்று விசாரிப்பது உபயோகம்.

இன்னொன்று. மரவேலையா சமையலா என்பதை ஒரு பெண் தானே முடிவு செய்ய 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று வீட்டில் அப்பா டிக் அடித்துக் கொடுத்தால் அது விருப்பப்பாடம் ஆகாது. முதல்ல அவளைக் கேளுங்க.