கல்லூரி விளையாட்டும் மருத்துவரின் சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் நிகழ்ந்த இரு தொடக்கங்கள் நம் கருத்தைக் கவர்வன. 1870ஆம் ஆண்டிற் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1879இல், றோயல் - சென் தோமஸ் துடுப்பாட்டப் போட்டியின் முதலாட்டம் நடைபெற்றது. ஆசிரியரும் கலந்து ஆடிய அவ்வாட்டம் அடுத்த ஆண்டு முதல் மாணவர்க்கே உரியதாயிற்று. இவ்வாறு உடலை ஆராயும் கல்வியும் உடலை இயக்கும் கல்வியும் ஒரே நகரில், ஒரே தலைமுறையில் வேரூன்றின. ஆயினும் அவை நெடுங்காலம் தனித்தனி வழிகளிலேயே வளர்ந்தன. காயமுற்ற மாணவன் மைதானத்தை விட்டு மருத்துவரை நாடிச் சென்றானேயன்றி, மைதானத்தின் ஒழுங்கில் மருத்துவருக்கெனத் தனியிடம் இருக்கவில்லை.

விளையாட்டு மருத்துவம் என்பது எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் கலை மட்டுமன்று. காயமுற்ற ஒருவர் மீண்டும் எப்பொழுது ஆடலாம், ஆடலாகாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பே அதன் உயிர்நாடி. அத்தீர்மானத்தில் இறுதிச் சொல் யாருடையது? பயிற்றுநருடையதா, அதிபருடையதா, பெற்றோருடையதா, ஆடுபவருடையதா, மருத்துவருடையதா? கல்லூரி விளையாட்டு வீரருக்கென மருத்துவர் ஒருவர் தோன்றிய வரலாறு இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறே எனலாம்.

இவ்வினா மிகப் பழையது. கி.பி. 157ஆம் ஆண்டளவில் கலென் என்னும் கிரேக்க மருத்துவர் தம் பிறப்பிடமான பேர்கமம் நகரில் வாட்போர் வீரர்க்கு மருத்துவராக நியமனம் பெற்றார். ஆழ்ந்த காயங்களைத் தைத்தும் உணவுமுறை வகுத்தும் அவர் பெற்ற அனுபவம் பிற்கால மருத்துவ நூல்களுக்கு அடிப்படையாயிற்று. ஆனால் அவ்வீரர்களுட் பலர் அடிமைகள். மருத்துவரை நியமித்தவர் போட்டிகளை நடத்திய தலைமைக் குருவேயன்றி வீரர் அல்லர். நோயாளிக்குப் பணிபுரியும் மருத்துவர் வேறொருவரால் அமர்த்தப்பட்டவராய் இருக்கும் இந்நிலை இன்றுவரை தொடர்கின்றது.

கீழைத்தேய மரபு இதனை வேறொரு வகையில் அணுகிற்று. சுசுருத சங்கிதை, ஒருவர் தம் வலிமையிற் பாதியளவுக்கே உடற்பயிற்சி செய்தல் வேண்டும் என விதித்து, மூச்சு வாய்வழி வெளிப்படத் தொடங்குதலை அப்பாதியின் அடையாளமாகக் கூறுகின்றது. தமிழரிடையே வழங்கிய அடிமுறை, வர்மம் ஆகியவற்றில் அடிக்கக் கற்பித்த ஆசானே அடிபட்டவரின் நோவையும் தீர்த்தார். யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியரும் சிங்களவரிடையே வழங்கும் எலும்பு முறிவு வைத்தியரும் இம்மரபின் வழியினரே. சுளுக்கிய காலுக்குப் புக்கை கட்டுவித்துக்கொண்டு மறுவாரமே மைதானத்துக்குத் திரும்பிய மாணவர் பலர். இம்மரபிற் கைத்திறன் உண்டு. நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு எத்தகைய காயம் நேர்ந்தது, அவருள் எத்தனை பேர் குணமடைந்தனர் என்ற எழுத்துக் கணக்கு அதில் இல்லை. கல்லூரி விளையாட்டில் மருத்துவரின் சொல்லுக்கு வலுவூட்டியது இக்கணக்கே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்கணக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கியது. 1861இல் மசசூசெற்ஸ் மாநிலத்து அம்ஹேர்ஸ்ற் கல்லூரி, எட்வேட் ஹிச்கொக் என்னும் மருத்துவரைச் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்கும் பேராசிரியராக நியமித்தது. மாணவரின் உயரம், நிறை, மார்பளவு முதலியவற்றை ஆண்டுதோறும் அளந்து பதிந்துவந்த அவர், 1911இல் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பணியில் இருந்தார். அவருடைய நோக்கம் வெற்றியன்று. கல்வி கற்கும் இளைஞரின் உடல்நலமே. ஆனால் அவர் காலத்திலேயே கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் காற்பந்தாட்டம் பெருங் கூட்டத்தையும் பெரும் பணத்தையும் ஈர்க்கத் தொடங்கியது. அதனுடன் மரணங்களும் வந்தன. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாக அக்காலப் பத்திரிகைக் கணக்கு ஒன்று கூறிற்று. சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு அச்செய்தி நாட்டை உலுக்கியது.

அதே பருவத்தில் ஹாவாட் பல்கலைக்கழக அணியைக் கவனித்த மருத்துவர்களான எட்வேட் நிக்கல்ஸ், ஹோமர் ஸ்மித் ஆகிய இருவரும், தாம் கண்ட காயங்களை ஒழுங்காகப் பதிந்து 1906இல் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியிட்டனர். ஒரே அணியில், ஒரே பருவத்தில், 145 காயங்கள்! எண்ணிக்கையிலும் பார்க்க முக்கியமானது மூளை அதிர்ச்சி பற்றி அவர்கள் எழுதியதாகும். தலையில் அடிபட்டு அறிவு மயங்கிய நிலையிலும் ஆட்டத்தைத் தொடர்ந்த வீரர் உண்டு என்பதையும், ஆடுவோர் அதனை ஓர் அற்ப விடயமாகவே கருதினர் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். காயமுற்றவர் தம் காயத்தைத் தாமே மதிப்பிடும் தகுதியை இழந்திருக்கலாம். ஆகவே அம்மதிப்பீட்டை மற்றொருவர் செய்தல் வேண்டும் என்ற முடிவுக்கு இக்கணக்கு வழிகாட்டிற்று. 1906இல் ஆட்ட விதிகள் மாற்றப்பட்டன. பின்வந்த பருவங்களை ஆராய்ந்த நிக்கல்ஸ், 1909இல் வெளிவந்த இரண்டாவது கட்டுரையிற் காயங்கள் குறைந்தமையைக் காட்டினார். மருத்துவரின் குறிப்பேடு ஆட்ட விதிகளின் விளைவை அளக்கும் கருவியாயிற்று.

ஹாவாட்டில் இப்பணியைத் தொடர்ந்தவர் ஒகஸ்ரஸ் தோண்டைக் என்னும் சத்திரசிகிச்சை மருத்துவர். விளையாட்டுக் காயங்கள் பற்றிய அவரது நூல் 1938இல் வெளிவந்தது. மூன்று முறை மூளை அதிர்ச்சிக்கு ஆளானவரோ, ஒருமுறையேனும் கணப்பொழுதுக்கு மேல் நினைவிழந்தவரோ மோதல் நிறைந்த ஆட்டங்களில் தொடர்தல் ஆகாது என அவர் 1952இல் எழுதினார். இன்று இவ்வெல்லை மாறியுள்ளது. மூளை அதிர்ச்சி என ஐயம் எழுந்தாலே அன்றைய ஆட்டத்திலிருந்து மாணவரை விலக்குதல் வேண்டும் என்பதே இன்று உலகளாவிய ஒத்த கருத்து. ஆயினும் இவ்விலக்கை விதிக்கும் அதிகாரம் மருத்துவருக்கு உண்டு என்ற கொள்கை தோண்டைக் போன்றோராலேயே நிலைபெற்றது.

ஐரோப்பாவில் இத்துறை வேறு வழியில் வளர்ந்தது. 1928இல் சென் மோரிற்ஸ் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது அங்குக் கூடிய மருத்துவர்கள் விளையாட்டு மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கத்துக்கு அடித்தளமிட்டனர். இத்தாலி மேலும் ஒரு படி சென்று, போட்டிகளிற் பங்குபற்றுவோர் யாவரும் இதயமின் வரைபு உள்ளிட்ட பரிசோதனைக்கு உட்படல் வேண்டும் என்பதை 1982 முதல் சட்டப்படி நடைமுறைப்படுத்திற்று. வெனெற்றோ மாநிலத்தில் இளம் வீரரின் திடீர் இதய மரணம் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேருக்கு 3.6 ஆக இருந்து 0.4 ஆகக் குறைந்தது என 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆனால் இதையொத்த சட்டத்தை 1997இல் இயற்றிய இஸ்ரேலில் மரண விகிதத்தில் மாற்றம் காணப்படவில்லை என 2011இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. எனவே பரிசோதனையின் பயன் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சட்டம் ஒன்று மட்டுமே மாணவரைக் காக்கும் என எண்ணுதல் தவறு என்பதே இதனாற் பெறப்படும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கைப் பாடசாலை விளையாட்டு, ஆங்கிலப் பொதுப்பாடசாலைகளின் மரபைத் தழுவியது. வலியைப் பொறுத்தல் ஆண்மையெனவும், அணிக்காகத் தன்னை மறத்தல் பண்பெனவும் அம்மரபு போற்றிற்று. 1865இல் நிறுவப்பட்ட கொட்டாஞ்சேனைச் சென் பெனடிக்ற் கல்லூரி முதல், 1951இல் பம்பலப்பிட்டியில் தோன்றிய கொழும்பு இந்துக் கல்லூரி வரை, தலைநகரின் கல்லூரிகளில் விளையாட்டுக்கு மதிப்பான இடம் கிடைத்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் எழுந்த விளையாட்டரங்கு, கொழும்பு நகர முதல்வராகவும் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் விளங்கிய வீ. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1973இல் விளையாட்டுச் சட்டம் நிறைவேறியது. அமைச்சின்கீழ் விளையாட்டு மருத்துவ நிறுவகம் கொழும்பில் இயங்குகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறையில் மருத்துவர்க்குப் பயிற்சி அளிக்கின்றது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நேரிற் கண்ட ஈழத்தமிழரும் உளர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அவர் பயின்றார். திறமை இம்மண்ணிற் பிறந்தாலும் அதனைப் பேணும் அறிவியல் வசதி பெரும்பாலும் கடல் கடந்தே கிடைத்தது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு.

1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்போணில், கொழும்புத் தமிழ் யூனியன் கழக வீரர் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு விதிமுறைக்கு முரணானதென நடுவர் அறிவித்தார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் நடைபெற்ற பரிசோதனைகள், அவரது முழங்கை பிறப்பிலேயே முற்றாக நிமிராத அமைப்புடையது என்பதை வெளிப்படுத்தின. அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்த ஆய்வுகளின் பின், முழங்கை நிமிர்தலுக்கு 15 பாகை எல்லை 2005இல் யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. விளையாட்டு அறிவியல் வீரரைத் தடுப்பதற்கு மட்டுமன்றி, அவருக்காகச் சான்று பகரவும் வல்லது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆனால் சோதனைக்கூடம் அந்நிய நாட்டில் இருந்தது. புகழ்பெற்ற வீரருக்குக் கிடைத்த அவ்வாய்ப்பு, பாடசாலை அணியிற் பந்துவீசும் சாதாரண மாணவனுக்கு எங்ஙனம் கிடைக்கும்?

இதற்கு எதிரான உதாரணம் 2011இல் நிகழ்ந்தது. உபுல் தரங்க, தோள் நோவுக்காக எடுத்த மூலிகை மருந்தொன்றில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தமையால் மூன்று மாதத் தடைக்கு உள்ளானார். ஆட்டத்திறனைக் கூட்டும் நோக்கம் அவரிடம் இருக்கவில்லை என்பதைச் சர்வதேசத் துடுப்பாட்டச் சபையும் ஏற்றுக்கொண்டது. பின்னர் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்துத் தடுப்புக்கெனத் தனி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சட்டம் வந்தபின் அறியாமை காப்பாகாது. சத்துமா, மூலிகைக் குளிசை, காய்ச்சல் மருந்து ஆகியவற்றுள் எது தகும், எது தகாது என மாணவருக்குச் சொல்லும் ஒருவர் கல்லூரியில் இருத்தல் அவசியமாகின்றது.

இத்தேவையை வலியுறுத்தும் துயர நிகழ்ச்சி 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் நேர்ந்தது. பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பிள்ளையை இழந்த ஊர் மருத்துவ ஏற்பாடுகள் பற்றிக் கேள்வி எழுப்பியது இயல்பே. தனியொரு நிகழ்ச்சியின் காரணத்தை ஈண்டு ஆராய்தல் பொருந்தாது. ஆயினும் நம் இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஆண்டின் முதலாந் தவணையில், வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்துவரும் காலத்தில் நிகழ்வன என்பது யாவரும் அறிந்ததே. காற்றில் ஈரப்பதன் மிகும்போது வியர்வை எளிதில் ஆவியாவதில்லை; உடல் தன் வெப்பத்தை இழக்க வழியின்றித் தவிக்கும். அமெரிக்க மரைன் படையினரின் பயிற்சி முகாம்களில் 1950களில் வெப்பம், ஈரப்பதன், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு வகுக்கப்பட்டு, அதற்கேற்பப் பயிற்சி நிறுத்தப்பட்டபோது வெப்பத் தாக்கம் குறைந்தது. ஓட்டத்தை விடியற்காலையில் வைத்தல், நீர் வழங்கல், மயங்கியவரை உடனே குளிர்நீரில் தோய்த்துப் பின்னர் மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவை பெருஞ் செலவை வேண்டுவன அல்ல. முன்னேற்பாடும், போட்டியை நிறுத்தச் சொல்லும் துணிவுமே வேண்டுவன.

அத்துணிவு எளிதன்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பெற்றோர்க்குப் பிள்ளையின் அணி இடம் வெறும் பொழுதுபோக்கன்று. அதனைச் சான்றிதழாகவும், வேலைவாய்ப்பாகவும், சிலவேளை வெளிநாட்டுக் கல்விக்கான வாயிலாகவும் அவர்கள் காண்கின்றனர். கல்லூரிக்கோ கேடயம், பழைய மாணவருக்கோ பெருமை. இவற்றுக்கிடையில் முழங்கால் நோவை மறைத்து ஓடும் மாணவியும், டெங்குக் காய்ச்சலின் களைப்பு நீங்குமுன் மைதானம் திரும்பும் மாணவனும் உண்மையைக் கூறக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் கேட்டறிந்ததைப் பயிற்றுநரிடம் எவ்வளவு கூறலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். ஆடலாமா ஆடலாகாதா என்ற முடிவைப் பயிற்றுநர் அறிதல் போதும். நோயின் விவரம் மாணவருக்கே உரியது.

இதுகாறும் கூறியவற்றால், கல்லூரி விளையாட்டு மருத்துவரின் அதிகாரம் அவரது பட்டத்தால் மட்டும் உண்டானதன்று என்பது புலப்படும். பதிவேட்டாலும், அப்பதிவேட்டின் சான்றால் வெற்றியின் அவசரத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட மறுப்பாலும் அது உண்டாயிற்று. கொழும்பின் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சிறப்பு மருத்துவரை நியமித்தல் இன்று இயலாதிருக்கலாம். ஆனால் காயப் பதிவேடு ஒன்றைப் பேணலும், பல கல்லூரிகள் கூடி ஒரு மருத்துவரைப் பகிர்ந்துகொள்ளலும், அவர் வேண்டாமென்றால் எப்பெரும் போட்டியாயினும் அம்மாணவரை இறக்காதிருத்தலும் இயலக்கூடியனவே. 1870இலும் 1879இலும் தனித்தனியே தொடங்கிய இரு கல்விகளும் அப்பொழுதே ஒன்றையொன்று சந்தித்தனவாகும்.