சுவரோவிய மீட்பு

சிதைந்துபோன, அல்லது இடிபடப்போகும் கட்டடத்தின் சுவரிலுள்ள ஓவியத்தைக் காப்பாற்றி நிலைநிறுத்தும் பணி. ஓவியம் இருப்பது கல்லின் மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்புச் சாந்தில். மழைநீர் இறங்கிச் சாந்து உப்பிப் பெயர்ந்தால் ஓவியமும் அதோடு உதிர்ந்துவிடும். அதே சாந்தை முழுதாகப் பெயர்த்தெடுக்க முடிந்தால், சுவர் போனாலும் ஓவியம் பிழைக்கும்.

விழுப்புரம் வட்டாரத்தில் இப்படிக் காக்கவேண்டிய சுவரோவியத்துக்கு முதல் சான்று பனமலை. திண்டிவனத்துக்குத் தென்மேற்கே, ஏரியை ஒட்டிய குன்றின் மீது தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது. கருவறையை ஒட்டிய சிற்றாலயம் ஒன்றின் சுவரில் உமை நிற்கிறாள். தலையில் உயர்ந்த மகுடம், அதற்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்த நிலை, சற்றே சரிந்த முகம். அவள் பார்ப்பது சிவனின் ஆடலை. ஆடுகிறவர் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். பல்லவர் ஓவியத்தில் இந்த அளவுக்குத் தெளிவாகக் கிடைத்த முகம் வேறில்லை என்றே சொல்லலாம். இதை அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய். 1931இல் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றின் சிற்றறைகளிலும் அவர் பல்லவ ஓவியத் துணுக்குகளைக் கண்டறிந்தார்.

கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. எந்தச் சாந்து, எந்த வண்ணம், எதில் குழைத்தது என்று தெரியாமல் கை வைத்தால் கெடுதிதான். அஜந்தா இதற்குப் பாடம். ஹைதராபாத் நிஜாம் அரசு 1920இல் இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி முதலிய வல்லுநர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த சாந்தை அவர்கள் ஒட்டவைத்தது உண்மை. ஆனால் மேலே பூசிய அரக்கு மெருகு காலப்போக்கில் மஞ்சளாகிக் கறுத்து, பிறகு வந்தவர்களுக்கு அதை அகற்றுவதே தனி வேலையாயிற்று. தமிழகத்தில் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன் தென்னாட்டுச் சுவரோவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் சோதித்துப் பதிவு செய்தார். ஓவியத்தைத் தொடுமுன் ஆய்வகத்துக்குப் போகும் வழக்கம் இங்கு வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பெயர்த்தெடுக்கும் முறை இத்தாலியில் வளர்ந்தது. ஓவியத்தின் முகத்தில் பிசின் தடவி மெல்லிய துணியை ஒட்டுவார்கள். அது காய்ந்து இறுகியதும், மெல்லிய தகடுகளைப் பின்னால் செலுத்திச் சாந்தைச் சுவரிலிருந்து பிரிப்பார்கள். பின்புறத்தைச் சுரண்டி இலேசாக்கி, புதிய பலகையில் பதித்து, கடைசியில் துணியைக் கரைத்து எடுப்பார்கள். சாந்தோடு எடுப்பது ஒரு வகை. வண்ணப்படலத்தை மட்டும் உரிப்பது இன்னொரு வகை, ஆபத்தும் அதில் அதிகம். ஸ்பெயினின் கேட்டலோனியாவில் மலைத் தேவாலயங்களின் ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விலைபோகத் தொடங்கியபோது, 1919 முதல் சில ஆண்டுகளில் அவற்றை இப்படி உரித்தெடுத்து பார்சிலோனாவில் சேர்த்தார்கள்.

இந்த முறைக்குத் தமிழகத்தின் பெரிய எடுத்துக்காட்டு தஞ்சைப் பெரியகோயில். கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சி, திரிபுரம் எரித்த சிவன் எல்லாம் அடியில். மேலே இருந்ததும் நானூறு ஆண்டுப் பழமையுடையது, சுரண்டித் தள்ளிவிடக்கூடியதல்ல. இந்தியத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் 16 நாயக்கர் ஓவியங்களைச் சாந்தோடு பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துத் தனியே காட்சிக்கு வைத்தார்கள். இரண்டு காலங்களில் ஒன்றைப் பலிகொடுக்காமல் தப்பியது இங்கேதான். என்றாலும் பெயர்த்த ஓவியம் தன் சுவரையும் இருட்டையும் இழந்துவிடுகிறது. வேறு வழி இல்லாதபோதுதான் இதற்குப் போகவேண்டும். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதான ஓவியங்களை இருந்த இடத்திலேயே தூய்மைசெய்து காத்தது அந்த வகையில் மேலான வழி.

தமிழ்நாட்டுச் சுவரோவியங்களை அழித்ததில் இடிபாட்டைவிடத் திருப்பணிக்கே பங்கு அதிகம். குடமுழுக்குக்கு முன் அடித்த வெள்ளையும், கல்லைப் பளிச்சென்று ஆக்க வீசிய மணலும் எத்தனையோ சுவர்களைத் துடைத்துவிட்டன. வெள்ளைக்கு அடியில் இருப்பதையாவது பொறுமையாகச் சுரண்டி மீட்கலாம். மணல்வீச்சுக்குத் தப்பியது எதுவும் இல்லை.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியிலுள்ள கீழ்வாலைப் பாறை ஓவியங்களின் நிலை வேறு. செங்காவியால் நேரே பாறையில் தீட்டிய மனித, விலங்கு உருவங்கள் அவை. இடையில் சாந்து கிடையாது. ஆகவே துணி ஒட்டிப் பெயர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. பாறையைச் சுற்றிலும் கல் உடைக்காமல் தடுப்பது மட்டுமே அங்கே கைவசமுள்ள மீட்புமுறை.