உடல்நலத் தன்மதிப்பீடும் இதய நலமும்: கேகாலைத் தோட்டங்கள்

உடல்நலத் தன்மதிப்பீடு என்பது ஒருவர் தம் உடல்நிலையைப் பற்றித் தாமே சொல்லும் கணிப்பு. "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?" என்று கேட்டு, மிக நன்று முதல் மோசம் வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே ஆய்வாளர்களின் வழக்கம். கனடாவின் மனிடோபா மாகாண முதியோரைப் பற்றி மோசியும் ஷப்பைரோவும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், மரண அபாயத்தை முன்னறிவதில் மருத்துவப் பதிவுகளை விட இந்த விடையே மேலாக நின்றது. 1997இல் ஐட்லரும் பென்யமினியும் 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் பெரும்பாலானவற்றில் இதே போக்கு காணப்பட்டது. இதய நோய்க்கும் இது பொருந்தும். தம் நலம் மோசம் என்பவர்களிடையே மாரடைப்பும் இதய நோய் மரணமும் அதிகம்.

இதற்குக் காரணங்கள் பல. மூச்சு வாங்குதல், உறக்கமின்மை, காரணம் புரியாத களைப்பு போன்றவை நோயாகப் பெயர் பெறுவதற்கு முன்பே ஒருவருடைய கணிப்பில் கலந்துவிடுகின்றன. மனச்சோர்வும் நீண்டகால நெருக்கடியும் கணிப்பைத் தாழ்த்துவதோடு இதயத்தையும் தாக்குகின்றன. தம் உடலைப் பற்றி நம்பிக்கை இழந்தவர் மருந்தையும் நடையையும் கைவிடுவதும் உண்டு.

ஆனால் இந்த அளவுகோல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஆயுள் கூடிய கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்வோர் அதிகம், பின்தங்கிய பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு என்பதை அமர்த்தியா சென் 2002இல் எடுத்துக்காட்டினார். கல்வியும் மருத்துவ வசதியும் குறைந்த இடத்தில் மக்கள் தம் உபாதைகளை வாழ்வின் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இலங்கையின் கேகாலை மாவட்டத் தோட்டங்களை இந்த வெளிச்சத்தில் பார்ப்பது பயனுள்ளது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல பகுதிகளில் இறப்பரே முதன்மைப் பயிர். மேட்டு நிலங்களில் தேயிலையும் உண்டு. குளிர்ச்சியான வேளையில் இறப்பர்ப் பால் நன்றாக இறங்கும் என்பதால் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடுகிறது. நாட்கூலி பெறும் தொழிலாளிக்குச் சுகம் என்றால் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், அன்றைய பேரை, அதாவது நாட்கூலிக்கான பதிவைப் போட்டுக்கொள்ளும் தெம்பு. எழுந்து மலைக்குப் போக முடிந்தால் "பரவாயில்லை". முடியாத நாளே வருத்தமான நாள். ஆக, இங்கே கிடைக்கும் விடை உழைக்கும் ஆற்றலைக் காட்டுகிறதே ஒழிய, இரத்தக் குழாய்களின் நிலையைக் காட்டுவதில்லை. சரிவில் ஏறி இறங்கும் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அது கருவாட்டு உப்பையும், தேநீரின் சீனியையும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் ஈடுசெய்துவிடும் என்று நம்ப இடமில்லை.

அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் இதய நலத்துக்கு ஏழு அளவுகளை வகுத்தது: புகைத்தல், உணவு, உடலுழைப்பு, எடை, குருதி அமுக்கம், கொலஸ்திரோல், இரத்தச் சீனி. 2022இல் உறக்கமும் சேர்ந்தது. இவற்றுள் குருதி அமுக்கம், கொலஸ்திரோல், சீனி ஆகிய மூன்றையும் அளந்து பார்க்காமல் எவராலும் அறிய முடியாது. இலங்கையின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருப்பதை 2021ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. இருந்தும், தலை சுற்றினால், பிடரி வலித்தால்தான் பிரஷர் என்ற எண்ணம் பரவலானது. இது தோட்டத்துக்கு மட்டும் உரிய அறியாமை அல்ல. 1985இல் மேயர், லெவென்தால், கட்மன் ஆகியோர் அமெரிக்க நோயாளிகளிடம் கேட்டபோது, அமுக்கம் ஏறுவதை மனிதரால் உணர முடியாது என்று ஒப்புக்கொண்ட பலர், தம்மால் மட்டும் முடியும் என்றார்கள். அப்படி நம்புபவர் தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்.

நெஞ்சு வலிக்கு வைக்கும் பெயரும் இவ்வாறே ஆபத்தாகலாம். "வாய்வு பிடித்துக்கொண்டது" என்று ஓமத்திரவம் குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் மாரடைப்பு வெறும் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ முதுகு வலியாகவோ வரக்கூடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே வருகிறது. நாற்பதைத் தாண்டிய பால்வெட்டுத் தொழிலாளியோ தம்மை இன்னும் இளைஞராகவே கருதிக்கொள்ளக்கூடும்.

உணர்வுக்கும் உண்மை நிலைக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்பவே சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நாடெங்கும் அமைத்தது. நோய் அறிகுறி இல்லாதவரையும் அழைத்து எடை, அமுக்கம், சீனி பார்ப்பது அவற்றின் வேலை. ஆனால் "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்பவர் தேடிப் போவது அரிது. காலை நேரத்தில் போனால் பேரும் போய்விடும். வீடு தேடிச் செல்லும் முறையே இங்கு பொருத்தமாகத் தோன்றுகிறது. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டிலேயே அமுக்கம் பார்த்து அறிவுரை சொன்ன குழுவில், மேல் அமுக்கம் மற்றக் குழுவை விடச் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் வரிசையாக நெருங்கியிருப்பது இப்படிப்பட்ட வேலைக்கு வசதி.

தன்மதிப்பீட்டு விடையைப் பயன்படுத்தும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மோசம் என்ற விடையை அப்படியே நம்பிச் சோதிக்கலாம். நன்று என்ற விடை சோதனையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

மாரடைப்புக்குப் பின்னும் கணிப்பின் செல்வாக்கு தொடர்கிறது. நியூசிலாந்தில் கீத் பெட்ரியும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நோய் சீக்கிரம் தணியும் என்று நம்பியவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்பினார்கள். நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று எண்ணியவர்களே புனர்வாழ்வு வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள். 2002இல் அதே குழு, வைத்தியசாலையிலேயே நோயாளியின் தவறான எண்ணங்களைப் பேசித் திருத்தியபோது வேலைக்குத் திரும்பும் வேகம் கூடியது. சரிவில் ஏறி உழைப்பவருக்கு இத்தகைய பேச்சு, அவருக்குப் பழக்கமான மொழியில், வீடு திரும்புமுன் நடக்க வேண்டும். எந்த வேலையை எப்போது தொடங்கலாம், எந்த மாத்திரையை ஆயுள் முழுவதும் விடக்கூடாது என்பவை அதில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டியவை.