மருதையாற்றின் கணக்கு

1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில் அரியலூர் அருகே மருதையாற்றில் வீழ்ந்தது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரிலும் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போது லால் பகதூர் சாஸ்திரி அளித்த பதவி விலகலை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார்.

அந்த விலகலை அறத்திற்குச் சான்றாக வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அறத்தைப் பேசி முடித்ததும் ஆற்றை மறந்துவிடுகிறோம் என்பதே என் மனக்குறை.

இரு காவல்கள்; ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை தவறும். இரண்டும் ஒருசேரத் தவறுவது பத்தாயிரத்தில் ஒருமுறை எனப் பெருக்கி நிம்மதி கொள்கிறோம். அவை தனித்தனிக் காரணங்களால் தவறினால் மட்டுமே அப்பெருக்கல் செல்லும். தூணடியை அரிக்கும் அடைமழையே இருப்புப்பாதைக் காவலரின் வழியையும் மறிக்கும். ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கும். பொறியியலார் இதனைப் பொதுக்காரணப் பழுது என்பர். பழுதுகளில் அதன் பங்கைத் தனியே பிரித்தெண்ணும் முறை 1970களில் அணுமின் துறையில் உருவானது. அப்பங்கு பத்தில் ஒன்று என்றாலே, பத்தாயிரம் ஆயிரமாகச் சுருங்கிவிடும்.

கணக்கு வந்த பின்னும் பாடம் முடியவில்லை. 2011இல் ஃபுகுஷிமாவில், ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்த அவசர மின்னாக்கிகளில் பெரும்பாலானவற்றை ஓர் ஆழிப்பேரலையே முடக்கியது.

காவல்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், அவையனைத்தும் ஒரே மழையில் நனையுமா என்று கேட்டாக வேண்டும். சாஸ்திரியின் விலகலுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அக்கேள்விதான்.