வடக்குக்கு வராத பந்து

இலங்கைப் பள்ளிகளுக்கு றக்பியைக் கொணர்ந்தவர் எல்.ஈ. பிளேஸ். 1891 இல் கண்டியில் தாம் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியில் அதனைத் தொடங்கினார். எதிர்த்தாட இன்னொரு பள்ளி கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1906 இல் போகம்பரையில் திரித்துவக் கல்லூரியுடன் நடந்த முதற் போட்டி 6-6 எனச் சமநிலையில் முடிந்தது.

திரித்துவம் அங்கிலிக்கன் மிஷனுடையது; கிங்ஸ்வூட் மெதடிஸ்தருடையது. விந்தை என்னவெனில், 1904 இலேயே யாழ்ப்பாணத்திலும் இதே இரு மிஷன்களின் பள்ளிகள், பரி. யோவானும் மத்திய கல்லூரியும், மோதத் தொடங்கிவிட்டன, ஆனால் கிறிக்கெட்டில். ஆகவே பாதிரிமாரைக் குறைகூறிப் பயனில்லை. மலையகத்தில் தோட்டத்துரைமார் றக்பி ஆடினர். பள்ளி ஆட்டம் வேரூன்ற அதுவே நீர் வார்த்தது என்பது என் கணிப்பு. நீர்வேலிச் செம்மண்ணில் வாழை நட்டவர்களோ ஊர் விவசாயிகள். பந்தை எறிந்துகாட்ட அங்கே துரை எவருமில்லை.